எது முன்னால வருதோ, அது!

எங்கள் ஊர் நாமக்கல்லில் ஆஞ்சநேயருக்கே கூரை கிடையாது. பதினெட்டு அடி உயரத்தில் கைகூப்பி நிற்கிறார். வெயில், மழை, பனி எல்லாமே தலைமேல்தான். ஆனால் எங்கள் அப்பாவின் மாருதி 800-க்குக் கூரை உண்டு. கூரைக்குக் கீழே ஒரு கவர் உண்டு. கவரைத் தூக்கினால் உள்ளே சீட் மேல் ஒரு பழைய பெட்ஷீட் உண்டு. பெட்ஷீட்டைத் தூக்கினால், 2008-ல் ஷோரூமில் போட்டுக்கொடுத்த பாலிதீன் உறை இன்னும் பாதி அப்படியே இருக்கும். நாலு அடுக்குப் பாதுகாப்பு. முதலமைச்சருக்குக்கூட இதற்குப் பிறகுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருக்கலாம். அப்பா வாங்கியது, அண்ணன் வெளிநாடு போனபோது விட்டுப் போனது, அல்லது நீங்களே இ.எம்.ஐ. கட்டி வாங்கி, ஆபீஸ் டிராஃபிக்குக்குப் பயந்து அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூங்க வைத்திருப்பது. அப்படியானால் மேலே படியுங்கள். இல்லாவிட்டாலும் படியுங்கள், நடுவில் கொல்லிமலை வருகிறது.

அப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதியவர். ரிட்டயர் ஆன கையோடு வாங்கிய வண்டி அது. வாங்கிய புதிதில் பவானி, பழநி, மேட்டூர் என்று ஓடியது. முன் சீட்டில் அம்மா, மடியில் புளிசாதத் தூக்கு. 2021-ல் அம்மா போன பிறகு வண்டியும் ஏறக்குறைய ரிட்டயர் ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை பென்ஷனுக்காக பாங்க், அப்படியே மளிகைக் கடை. போக வர நாலு கிலோமீட்டர். எப்போதாவது கல்யாண மண்டபம்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் தவறாது. தினமும் காலை ஆறரை மணிக்குக் கவரை விலக்குவார். ஸ்டார்ட் பண்ணுவார். பானெட் மேல் கை வைத்தபடி ஐந்து நிமிடம் நிற்பார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. அப்புறம் ஆஃப். கவர். பேப்பர். காபி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் கொல்லிமலை பேச்சு வந்தது. மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அம்மா வருடா வருடம் சொல்வார். எழுபது கொண்டை ஊசி வளைவு என்று அப்பா வருடா வருடம் தள்ளிப் போடுவார். இந்தத் தடவை நான் கேட்டேன்.

“போலாம்ப்பா. நான் ஓட்டறேன். வண்டி தாங்குமா?”

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வண்டிக்கு என்னடா கொறை?” என்று உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். பற்று, வரவு, பெட்ரோல், காற்று எல்லாம் தேதிவாரியாக. ஆயில் என்று தனிப் பக்கம்.

“கடைசியா ஆயில் மாத்தி மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் ஓடினது 640 கிலோமீட்டர். 5,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும்னு சர்வீஸ்காரன் சொன்னான். இன்னும் 4,360 பாக்கி இருக்கு.”

நான் பி.காம். மனக்கணக்கு தானாக ஓடியது. வருடத்துக்கு 213 கிலோமீட்டர் என்றால் பாக்கி 4,360 ஓட இன்னும் இருபது வருடம் ஆகும். அடுத்த ஆயில் சேஞ்சின்போது அப்பாவுக்கு வயது 95. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல், “சரிப்பா, காலைல கிளம்பலாம்” என்றேன்.

“இன்னொண்ணு பாரு” என்று நோட்டில் வேறொரு வரியைக் காட்டினார். மாதா மாதம் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து எழுதியிருந்தார். ‘ஆயில் அளவு: குறைவில்லை’, ‘குறைவில்லை’, ‘குறைவில்லை’. கடைசி ஏழெட்டு மாதத்துக்கு மட்டும் ‘சற்றுக் கூடுதல்’.

“ஒரு சொட்டு கொறையல. கூடியிருக்கு. அதுதான் வண்டி வெச்சுக்கற லட்சணம்!”

செலவும் இல்லாமல் வரவும் இல்லாமல் கையிருப்பு மட்டும் ஏறினால் ஆடிட்டருக்கு முதலில் வரவேண்டியது சந்தேகம். எனக்கு வரவில்லை. டிகிரி வாங்கிப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது.

மறுநாள் விடிகாலை கிளம்பினோம். சேந்தமங்கலம் தாண்டியதும் எதிரே கொல்லிமலை, பாதி பனிக்குள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் கோழிப்பண்ணைகள். ஊரே முட்டைக்கும் லாரிக்கும் பேர் போனது. எதிரே வருகிற வண்டிகளில் பாதி முட்டை வண்டி, மீதி தண்ணி வண்டி. வண்டி ஜம்மென்றுதான் போனது. அப்பா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, ‘பார்த்தாயா’ என்கிற பாவனையில் உட்கார்ந்திருந்தார்.

காளப்பநாயக்கன்பட்டியில் டீ குடிக்க ஓரம் கட்டினேன். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டேஷ்போர்டில் சிவப்பாக ஒன்று மினுக்கியது. நம் ஊர் எண்ணெய்க் கிண்டி மாதிரி படம், மூக்கில் ஒரு சொட்டு. ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால் அணைகிறது. விட்டால் மறுபடி மினுக்குகிறது.

“ஒயர் லூஸா இருக்கும்டா” என்றார் அப்பா.

டீக்கடைக்குப் பக்கத்திலேயே ஒரு லாரிப் பட்டறை. நாமக்கல் வட்டாரத்தில் ஒரு சௌகரியம், வண்டி எங்கே நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டறை இருக்கும். லாரிக்கு அடியிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வெளியே வந்தார். முகத்தைத் தவிர எல்லாமே கிரீஸ்.

“ஏனுங்க, மொதல்ல ஆஃப் பண்ணுங்க. அந்த லைட் எரிஞ்சா யோசிக்கவே கூடாதுங்க. மத்த லைட்டெல்லாம் ‘பாத்துக்க’ன்னு சொல்லும். இது ‘நிறுத்து’ன்னு சொல்லுது. எங்க போறீங்க?”

“கொல்லிமலை.”

அவர் மலையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். பிறகு டிப் ஸ்டிக்கை உருவினார்.

“அளவு கரெக்டா இருக்கும், பாருங்க” என்றார் அப்பா, நோட்டுப் புத்தகக் குரலில்.

“கரெக்டா இல்லீங்க ஐயா, மேல் கோட்டுக்கும் மேல நிக்குது. நீங்க ஊத்தினீங்களா?”

“ஒரு சொட்டு ஊத்தல.”

“அப்ப எப்படிங்க ஏறும்? ஆயில் என்ன, உள்ளயே குட்டி போடுமா?” என்று சொல்லி, டிப் ஸ்டிக்கை என் மூக்கருகே நீட்டினார். பெட்ரோல் பங்க் வாசனை அடித்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். தேன் மாதிரி நூல் விடவேண்டிய சமாசாரம், ரசத்துத் தெளிவு மாதிரி ஓடியது.

அடுத்து, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகித் திருப்பிக் காட்டினார். மூடியின் உள்பக்கம் பழுப்பும் வெள்ளையுமாகக் கொழகொழவென்று ஏதோ அப்பியிருந்தது.

“ஆஞ்சநேயருக்குத்தான் வெண்ணெய்க் காப்பு சாத்துவாங்க. நீங்க இன்ஜினுக்குமில்ல சாத்தியிருக்கீங்க!”

அப்பா சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

“பயப்படாதீங்க” என்று மெக்கானிக் ரேடியேட்டர் பக்கம் போய்ப் பார்த்தார். “கூலண்ட் கொறையல. ஸ்டிக்ல வெண்ணெய் இல்ல, மூடியில மட்டுந்தான் இருக்கு. அதனால ஹெட் கேஸ்கட் போகல. இது வெறும் ஈரந்தாங்க. தெனமும் ஸ்டார்ட் பண்ணி நிப்பாட்டுவீங்களா?”

“அஞ்சு நிமிஷம். தவறாம.”

“அதாங்க வெனை.”

அப்பாவுக்கு அது அடி. மூன்று வருடமாக மருந்து என்று நினைத்துக் கொடுத்ததை டாக்டர் விஷம் என்று சொன்ன மாதிரி.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். நம்ப மாட்டீர்கள், ஒரு லிட்டர் பெட்ரோல் முழுசாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும். பெட்ரோலில் இருக்கிற ஹைட்ரஜனும் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜனும் சேர்ந்து செய்கிற வேலை. பெரும்பகுதி ஆவியாகச் சைலன்சர் வழியே போய்விடும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் சைலன்சரில் சொட்டுகிறதே, அதுதான். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக நழுவிக் கீழே ஆயில் இருக்கிற இடத்துக்குப் போகும். இன்ஜின் குளிர்ந்து கிடக்கும்போது எரியாத பெட்ரோலும் சேர்ந்து இறங்கும்.

வண்டி நன்றாக ஓடினால் ஒன்றும் பிரச்னை இல்லை. ஆயில் சூடேறி, தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, அதற்கென்று வைத்திருக்கிற குழாய் வழியே இன்ஜினுக்குள்ளேயே திரும்பிப் போய் எரிந்துவிடும். ஆனால் அதற்கு ஐந்து நிமிடம் போதாது. டேஷ்போர்டில் இருக்கிற டெம்பரேச்சர் முள் சீக்கிரம் ஏறிவிடும். அது தண்ணீரின் சூடு. ஆயில் சோம்பேறி, மெதுவாகத்தான் சூடாகும். ரோட்டில் இருபது நிமிடம், அரை மணி ஓடினால்தான் காரியம் நடக்கும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால், உள்ளே தண்ணீரைத் தெளித்து மூடி வைத்த மாதிரி. மறுநாள் இன்னும் கொஞ்சம். இப்படி மூன்று வருடம்.

“அந்தத் தண்ணியும் பொகையும் சேந்து உள்ள ஆசிட் ஆவுதுங்க. அத முறிக்கறதுக்குத்தான் ஆயில்ல மருந்து கலந்திருக்கான். மருந்து எத்தன நாளைக்குத் தாங்கும்? தீந்து போச்சுன்னா அப்புறம் பேரிங்கத் திங்க ஆரம்பிச்சிரும். பெட்ரோல் கலந்து ஆயில் தண்ணியாட்டம் ஆனதால பிரஷர் நிக்கல. அதான் ஐடிலிங்ல லைட்டு மினுக்குது. இதோட மலை ஏறியிருந்தீங்கன்னா…” என்று நிறுத்திவிட்டுக் கையை விரித்தார்.

நான் எழுபது வளைவுகளை நினைத்துப் பார்த்தேன். டீ இன்னொன்று சொன்னேன்.

அப்பா மட்டும் விடவில்லை. “ஓடவே இல்லியேப்பா. 640 கிலோமீட்டர்தானே? ஆயில் கறுக்கக்கூட இல்ல.”

“கறுப்ப வெச்சு முடிவு பண்ணாதீங்க ஐயா. ஆயில் கறுக்குதுன்னா கசட இழுத்து வெச்சுக்கிட்டு அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். கறுக்காமயே கெட்டுப்போகவும் செய்யும்.” பிறகு பட்டறையில் நின்றிருந்த லாரியின் பக்கெட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

“ஓடுற லாரிக்குக் கிலோமீட்டர் கணக்குங்க. நிக்கிற காருக்குக் காலண்டர் கணக்கு.”

கிளவ் பாக்ஸில் வண்டியோடு வந்த புத்தகம் இருந்தது. பதினேழு வருடமாக யாரும் பிரிக்காத புத்தகம். பிரித்தேன். சர்வீஸ் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்திலும் கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மாதமும் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அது என்று ஒரு வரி. இப்போது வருகிற பெட்ரோல் கார்களிலும் பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்றுதான் போட்டிருக்கும். நாம் 10,000-ஐ மட்டும் படிப்போம். ‘அல்லது’க்குப் பிறகு வருவதைப் படிக்கிற வழக்கம் நமக்கு இல்லை.

இன்னொரு பக்கமும் கண்ணில் பட்டது. கடுமையான உபயோகம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றவேண்டுமாம். கடுமையான உபயோகம் என்றதும் நான் பாலைவனம், பாரம், ரேஸ் என்று நினைத்தேன். இல்லை. இன்ஜின் சூடாகும் முன்பே நின்றுவிடுகிற குட்டிக் குட்டிப் பயணங்களும் அதில் அடக்கம். அதாவது வீட்டிலிருந்து பாங்க், பாங்கிலிருந்து மளிகைக் கடை. பொத்திப் பொத்தி வைத்த அப்பாவின் கார், கணக்குப்படி, கடுமையாக உழைத்த கார்!

எனக்கு பி.காம். முதல் வருடம் ஞாபகம் வந்தது. தேய்மானத்துக்குக் காரணம் என்ன என்று ஐந்து மார்க் கேள்வி. உபயோகிப்பதால் தேய்வது ஒன்று, சும்மா காலம் ஓடுவதாலேயே தேய்வது இன்னொன்று. குத்தகை, பேடன்ட் எல்லாம் இரண்டாவது வகை. பூட்டி வைத்தாலும் வருடம் தேய்ந்துகொண்டே இருக்கும். ஐந்துக்கு நாலரை வாங்கினேன். இன்ஜின் ஆயில் இரண்டு வகையிலும் சேரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் அந்த அரை மார்க்கும் வந்திருக்கும்.

பட்டறைப் பையன் டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஆயிலும் ஃபில்டரும் வாங்கச் சேந்தமங்கலம் பறந்தான். மெக்கானிக் அண்ணன் அடியில் படுத்து டிரெய்ன் நட்டைக் கழற்றினார். ஓடி வந்த சூட்டோடு இருந்ததால் ஆயில் கடகடவென்று இறங்கியது. சூடாக இருக்கும்போதுதான் கசடும் சேர்ந்து இறங்குமாம். ஃபில்டரையும் கூடவே மாற்றவேண்டும், இல்லையென்றால் குளித்துவிட்டு அழுக்குச் சட்டையைப் போட்ட கதைதான் என்றார்.

அந்த இடைவெளியில் டீக்கடை பெஞ்சில் அப்பாவும் நானும். வெகுநேரம் பேசவில்லை. மலைமேல் பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

“தெனமும் ஸ்டார்ட் பண்றது ஆயிலுக்காக இல்லடா” என்றார் திடீரென்று.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“உங்கம்மா இருந்தப்ப ஆறரைக்குக் கோயிலுக்குக் கிளம்புவோமில்ல. எத்தன தடவ கூப்பிட்டாலும் வரமாட்டா. வண்டி சத்தம் கேட்டாத்தான் பூக்கூடையத் தூக்கிட்டு ஓடியாருவா.” டம்ளரைக் கீழே வைத்தார். “சத்தம் கேட்டா வீட்ல யாரோ கிளம்புற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.”

நான் என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் இருந்துகொண்டு நான் அப்பாவைப் பார்க்க வருவது பொங்கலுக்கு ஒருமுறை. தீபாவளிக்கு முடிந்தால். நடுவில் ஏதாவது ‘அவசியம்’ வந்தால். நல்லாத்தான் இருக்கார், ஒன்றும் பிரச்னை இல்லையே, இன்னும் பாக்கி இருக்கிறது என்று நானும் கிலோமீட்டர் கணக்குத்தான் பார்த்திருக்கிறேன்.

பையன் வந்துவிட்டான். 20டபிள்யூ-40 ஆயில். அதில் டபிள்யூ என்றால் ‘வெயிட்’ என்று அப்பா சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மெக்கானிக் சிரித்தார். டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். குளிரில் எவ்வளவு கெட்டி என்பது முன்னால் இருக்கிற எண், சூட்டில் எவ்வளவு கெட்டி என்பது பின்னால் இருக்கிற எண். உங்கள் வண்டிக்கு எந்த எண் என்று புத்தகத்தில் போட்டிருக்கும், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டாம்.

பிரேக் ஆயிலையும் பார்த்துவிட்டு மாற்றினார். அதுவும் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கிற ஜாதி. ஈரம் ஏறிய பிரேக் ஆயில், மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்துச் சூடேறினால் கொதித்து ஆவியாகும். அப்புறம் பெடலை மிதித்தால் கால்தான் இறங்கும், வேகம் இறங்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். அதற்கும் காலண்டர்தான்.

ஸ்டார்ட் பண்ணினேன். சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. பிறகு மினுக்கவே இல்லை. சத்தமே மாறியிருந்தது. அப்பா பானெட் மேல் கை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். மொத்தம் 2,100 ரூபாய். வழக்கமாக ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர், பேசாமல் எடுத்துக் கொடுத்தார்.

“அடுத்து எப்ப மாத்தணும்?” என்றேன்.

“நல்லா ஓட்டுனீங்கன்னா வருஷத்துக்கு ஒருக்காப் போதுங்க, கிலோமீட்டர் என்ன ஆயிருந்தாலும் சரி. இதே மாதிரி பாங்க், மளிகைக் கடைன்னு இருந்தீங்கன்னா ஆறு மாசம். இந்தத் தடவ உள்ள கசடு இருக்கு, அதனால எப்படியும் ஆறு மாசத்துல வந்துருங்க. தெனமும் அஞ்சு நிமிஷம் வேண்டாங்க ஐயா. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க. பேட்டரிக்கும் நல்லது, டயருக்கும் நல்லது.” கொஞ்சம் யோசித்து, “உங்களுக்கும் நல்லது” என்றார்.

இன்னொன்றும் சொன்னார், வெளிநாட்டுக்கு ஆறு மாதம் டெபுடேஷன் போகிற நண்பர்கள் கவனிக்கவும். வண்டியை நீண்ட நாள் நிறுத்திவிட்டுப் போவதாக இருந்தால், திரும்பி வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போவதற்கு முன்பே புது ஆயில் ஊற்றி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்துங்கள். பழைய ஆயிலோடு நிறுத்தினால் அதிலிருக்கிற ஆசிட் நீங்கள் டாலர் சம்பாதிக்கிற நேரத்தில் பேரிங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

காரவள்ளி அடிவாரம் தாண்டியதும் முதல் வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 70. அப்பா பலகை வரும்போதெல்லாம் சத்தமாகப் படித்தார், வவுச்சர் டிக் அடிக்கிற மாதிரி. “பதினேழு… பதினெட்டு…” இரண்டாவது கியர், வளைவில் முதல் கியர், மறுபடி இரண்டாவது. மேலிருந்து ஒரு பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விடவேண்டும் என்பது சட்டம். டிரைவர் எங்களைப் பார்த்தார், மூன்று சிலிண்டர் மாருதிக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றார். அப்பா ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிட்டார்.

நாற்பதுக்கு மேல் காது அடைத்தது. கீழே நாங்கள் வந்த ரோடு, இட்லித் தட்டில் சிந்திய நூடுல்ஸ் மாதிரி கிடந்தது. காற்றில் மிளகுக்கொடி வாசனை. என் கண் மட்டும் அடிக்கடி டேஷ்போர்டுக்குப் போனது. எண்ணெய்க் கிண்டி எரியவில்லை. எழுபதாவது பலகை வந்ததும் அப்பா, “டேலி ஆயிருச்சு” என்றார்.

சோளக்காட்டில் இறங்கி நின்றோம். மார்க்கெட்டில் வாழைத்தார், மிளகு. கீழே வெயில், மேலே ஸ்வெட்டர். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் என்பதை மூக்கு நுனி சொன்னது. செம்மேட்டில் வல்வில் ஓரி சிலை. கடையெழு வள்ளல்களில் ஒருவர், இந்த மலையை ஆண்டவர். ஒரே அம்பில் பல மிருகங்களைத் துளைத்தவர் என்று சொல்வார்கள். ஒரே லிட்டரில் இருபது கிலோமீட்டர் எடுப்பதே எங்களுக்குப் பெரிய சாதனை.

அறப்பளீஸ்வரர் கோயிலில் கூட்டம் இல்லை. அப்பா அம்மா பேரில் அர்ச்சனை சொன்னார். நட்சத்திரம் கேட்டபோது ஒரு கணம் தயங்கி, பிறகு எல்லோர் பெயருக்கும் என்று மாற்றிக்கொண்டார். வெளியே வந்து கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்குப் படி இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேல். “நீ போய்ட்டு வா, எனக்கு முட்டி வலி” என்று அப்பா கடையில் உட்கார்ந்துவிட்டார். போய், நனைந்து, முழங்கால் நடுங்க ஏறி வந்தேன். அப்பா கையில் ஆவி பறக்கும் டம்ளர். முடவாட்டுக்கால் கிழங்கு சூப். பார்க்க ரோமம் முளைத்த ஆட்டுக்கால் மாதிரி இருக்கிற கிழங்கு, இந்த மலையில் பிரசித்தம். மூட்டு வலிக்கு நல்லது என்று கடைக்கார அம்மா சொன்னார்.

“என்னப்பா, முட்டிக்கு ஆயில் சேஞ்சா?”

“மூணு வருஷமா மாத்தல இல்ல” என்றார் அப்பா. அன்றைக்கு முதல்தடவை சிரித்தார்.

இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டேன். இன்ஜினே பிடித்து நிறுத்தியது, பிரேக்குக்கு அதிக வேலை இல்லை. அறுபத்தொன்பது, அறுபத்தெட்டு என்று அப்பா பின்னாலிருந்து எண்ண ஆரம்பித்து, முப்பதில் தூங்கிப்போனார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தார். ஆயில் பக்கத்தில் 4,360 என்று பென்சிலில் எழுதியிருந்த பாக்கியை அடித்தார். கீழே புதிதாக எழுதினார்: ‘அடுத்த ஆயில்: ஆடி 18. பையன் வரணும்.’ அந்தச் சமயத்தில்தான் மலைமேல் ஓரி விழா என்று விளக்கமும் சொன்னார். நான் கேட்கவே இல்லை.

இப்போது ஆறரை மணிக் கச்சேரி நின்றுவிட்டது. அதற்குப் பதில் ஞாயிற்றுக்கிழமை காலை மோகனூர் போகிறார். காவிரியைப் பார்த்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகிறார். பக்கத்து வீட்டுத் தாத்தா முன் சீட்டில் வருகிறாராம். பாலிதீன் உறையைக் கிழித்துவிட்டாராம். “வழுக்குதுன்னு சொல்றார்டா அவரு.”

ஆனி மாதக் கடைசியில் போன் வந்தது.

“கண்ணு, ஆயில் டியூ வருது. ஆறு மாசத்துல 1,100 கிலோமீட்டர்தான் ஆயிருக்கு. ஆனா மாசம் ஆயிருச்சு. எது முன்னால வருதோ அதுதானே?”

“ஆமாப்பா.”

“நீ எப்ப வர்ற?”

லீவ் இல்லை, கட்டுரை பாக்கி, டிக்கெட் கிடைக்காது என்று மூன்று பதில்கள் வாயில் வந்து நின்றன. எது முன்னால் வருகிறதோ என்று பார்த்தேன்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்” என்றேன்.